சாமி கும்பிடுறவங்ககிட்ட நாத்திகர்கள் ஏன் வம்புக்குப் போறாங்க? உங்க அனுபவம் சொல்லுங்க

ராத்திரிஷிஃப்ட்:
ஆயுத பூஜைக்கு எங்க ஆபீஸ்ல வழக்கம் போல பொரி, கடலை, சுண்டல், மானிட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம். பக்கத்து சீட்டுக்காரர் ஒருத்தர் இருக்காரு, தங்கமான மனுஷன், யாருக்கு உடம்பு சரியில்லன்னாலும் முதல் ஆளா பைக் எடுப்பாரு. பொட்டு வைக்க வந்த ஹவுஸ்கீப்பிங் அக்காகிட்ட "ஏங்க்கா, இத வெச்சா இனிமே ஹேங் ஆகாதா?"ன்னு கேட்டுட்டாரு. சிரிச்சுட்டே தான் கேட்டாரு, ஆனா அந்தக்கா மூஞ்சி தொங்கிப் போச்சு, அவர் மானிட்டர விட்டுட்டு அடுத்த டேபிளுக்கு போயிட்டாங்க. எனக்கு பெரிய பக்தியும் இல்ல வெறுப்பும் இல்ல, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு போவேன், புளியோதரை இருந்தா ரெண்டாவது தடவையும் வரிசைல நிப்பேன். கேக்க வந்தது இதான். சாமி இல்லன்னு தோணுச்சா, பேசாம இருந்துட்டு போலாம்ல, அடுத்தவன் நம்பிக்கைய எதுக்கு நோண்டணும்? ரெண்டு பக்கத்து ஆளுங்களும் நேர்ல பார்த்தத சொல்லுங்க. கட்சி சண்டை வேணாம் ப்ளீஸ்.

காவேரிக்கரை:
நான் அந்த நோண்டுற வீட்டுலயே பொறந்தவன் ப்ரோ. எங்கப்பா பெரியாரோட திராவிடர் கழகத்துக்காரர், திருச்சி சுத்துப்பட்டு ஊர்கள்ல "மந்திரமா தந்திரமா" நிகழ்ச்சிக்கு போறவரு. ஒரு பழைய தகரப்பெட்டி, அத தூக்கிட்டு போறது என் வேலை, அதுல என்னென்ன இருக்கும்னு இப்பவும் எனக்கு மனப்பாடம். கட்டிக் கற்பூரம், கஞ்சித்தண்ணி விட்டு பிசைஞ்சு காயவெச்ச திருநீறு உருண்டை, பெர்மாங்கனேட், கிளிசரின், அப்புறம் ஒரு கத்தி. திருநீறு உருண்டைய கட்டைவிரல் இடுக்குல செருகிக்கிட்டு வெறுங்கைய விரிச்சு காட்டுவாரு, அப்புறம் நசுக்குனா கொட்டோ கொட்டுன்னு கொட்டும். நெய் ஊத்தி தீக்குச்சி இல்லாம யாகம் வளக்கறாங்கள்ல, அது நெய் இல்ல கிளிசரின், கீழ பெர்மாங்கனேட் தூள் இருக்கும், ஊத்தி கொஞ்சம் வாயில முணுமுணுத்துட்டு இருந்தா தானா பத்திக்கும் (வீட்ல ட்ரை பண்ணாதீங்க, என் புருவம் ஒரு தடவை போச்சு). கத்தில செம்பருத்திப் பூவ நல்லா தேச்சு காயவெச்சிருப்பாரு. அதால எலுமிச்சம்பழத்த அறுத்தா புளிப்பு பட்டு சாறு செவப்பா வரும், கூட்டம் அப்படியே "ஐயோ"ன்னு பின்னாடி போகும். செய்வினை எடுக்கறேன்னு வர்றவன் இதத்தான் காட்டி காசு வாங்குறான்னு அப்பா சொல்லி முடிப்பாரு.

ஒரு ஊர்ல நிகழ்ச்சி முடிஞ்சு பெட்டிய கட்டிட்டு இருக்கோம், ஒரு பாட்டி வந்து அந்தக் கத்திய வாங்கி திருப்பித் திருப்பி பாத்துச்சு. மோந்து வேற பாத்துச்சு. அப்புறம், "தம்பி, அப்ப என் மருமவளுக்கு கொழந்த தங்கலன்னு என் கம்மல அடகு வெச்சு குடுத்தனே, அது?"ன்னு கேட்டுச்சு. அப்பா பதில் பேசல. அந்தப் பாட்டி அதுக்கப்புறமும் மாரியம்மன் கோயிலுக்கு போயிட்டு தான் இருந்திருக்கும், அதுல அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. அவர் கோவமெல்லாம் அந்தக் கம்மல் மேல தான்.

ஆனா உண்மைய சொல்லணும்னா, சாமி அருள் இல்லாமலே இதெல்லாம் செய்யலாம்னு காட்ட கழகத்துக்காரங்க முதுகுல அலகு குத்தி காரு இழுக்கறதும், "தீச்சட்டி இங்கே, மாரியாத்தா எங்கே"ன்னு ஊர்வலம் போறதும் எனக்கு சின்ன வயசுல கூச்சமா தான் இருக்கும். கூடப் படிக்கற பையனோட அம்மா விரதம் இருந்து சட்டி எடுக்கறவங்க, ஓரமா நின்னு பாத்துட்டு இருப்பாங்க. அவங்க என்னிக்கும் யார்கிட்டயும் அஞ்சு பைசா வாங்கினது இல்ல.

கொழும்புத்தேத்தண்ணி:
எங்கட பக்கமும் ஒரு கதை இருக்கு. அப்பப்பா யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில படிச்சவர், அங்க படிப்பிச்சவர் தான் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், கேரளாவில ஒரு பாதிரியாரின்ட மகன். பள்ளிக்கூடத்தில அவரை பைபிள் பாடம் எடுக்கச் சொன்னவையாம், சோதினையில பெடியள் எல்லாரும் பாஸ், ஆனா அடுத்த வருசம் அந்தப் பாடத்தை அவரிட்ட குடுக்கேல்லையாம். பெடியளுக்கு மார்க்ஸ் வந்தது, பக்தி போயிட்டுது எண்டு அப்பப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ரிட்டையர் ஆன பிறகு தான் மனுசன் முழுநேரமா இறங்கினது. பேய் இருக்கு எண்டு சொல்லுற வீடுகளுக்குப் போய் விசாரிக்கிறது, கல் விழுகுது எண்டால் எறியிறது ஆர் எண்டு கண்டுபிடிக்கிறது. 1963ல ஒரு லட்சம் ரூபா பந்தயம் கட்டினவர். சீல் பண்ணின கவருக்குள்ள இருக்கிற நோட்டின்ட நம்பரைச் சொல்லு, காசைக் கொண்டு போ எண்டு. 1978ல சாகும் வரைக்கும் ஒருத்தரும் வெல்லேல்லை. கண்ணையும் உடம்பையும் தானமாக் குடுத்திட்டுப் போனவர். அப்பப்பா கடைசி வரைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனவர், கோவூர் மாஸ்டரையும் விட்டுக்குடுக்க மாட்டார். எனக்கு அது சின்னனில விளங்கேல்லை, இப்பவும் முழுசா விளங்கேல்லை.

பக்தன்தான்பாஸ்:
எல்லாம் சரி, இவங்க கேள்வி கேக்கறது பூரா இந்து சாமிய மட்டும் தான? மத்த பக்கம் வாய தொறப்பாங்களா? எங்க ஏரியா கூட்டத்துல பிள்ளையார பத்தி அவ்ளோ பேசினவங்க தெருமுனைல மைக் போட்டு நடந்த சுகமளிக்கும் ஜெபத்த பத்தி ஒரு வார்த்தை பேசல. நேர்ல பார்த்தது இது.

பொத்தனூர்ஜங்ஷன்:
பாஸ், சிலர் அப்படி இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா "வாய தொறப்பாங்களா"ன்னா தொறந்திருக்காங்க, தொறந்ததுக்கு விலையும் குடுத்திருக்காங்க. எங்க கோவைல 2017 மார்ச்ல ஃபாரூக்னு ஒருத்தர வெட்டிக் கொன்னாங்க, முஸ்லிம் குடும்பத்துல பொறந்து கடவுள் இல்லன்னு சொன்னவர், திராவிடர் விடுதலைக் கழகத்துல இருந்தவர். 2012ல மும்பைல ஒரு சர்ச்சுல சிலுவைல இருந்து தண்ணி சொட்டுது, அற்புதம்னு ஜனம் பிடிச்சு குடிச்சுட்டு இருந்தப்ப பகுத்தறிவாளர் சனல் இடமருகு போய் பாத்து, பக்கத்து கழிவுத்தண்ணி குழாய் அடைச்சு சுவத்துல ஊறி வருதுன்னு சொன்னாரு. அதுக்கு அவர் மேல மத உணர்வ புண்படுத்தினாருன்னு 295ஏ பிரிவுல புகார், மனுஷன் ஃபின்லாந்துக்கு போயிட்டாரு. புனேல தபோல்கர 2013 ஆகஸ்ட் 20 காலைல வாக்கிங் போனப்ப சுட்டாங்க, அவர் கடவுள் இல்லன்னு கூட பெரிசா பேசினவர் இல்ல, மூடநம்பிக்கைய வெச்சு ஏமாத்தறவங்கள தடுக்க சட்டம் கொண்டு வாங்கன்னு தான் கேட்டுட்டு இருந்தாரு.

மதுரைக்காரி:
நான் ஏன் கேப்பேன்னு சொல்றேன். எங்க சித்தப்பாவுக்கு வலிப்பு. மாத்திரை போட்டா வராது, நிறுத்தினா வரும், அவ்ளோதான் விஷயம். ஒரு கோடாங்கி வந்து உடுக்கை அடிச்சு, இது முனி சேட்டை, மாத்திரை உள்ள இருக்கற வரைக்கும் முனி எறங்காதுன்னுட்டான். சித்தி மாத்திரை அட்டைய தூக்கி பரண்ல போட்டுட்டாங்க. கிணத்தடில வலிப்பு வந்து விழுந்து மண்டைல தையல். அன்னிக்கு நான் அந்த ஆள வீட்டு வாசல்லயே வெச்சு கேட்ட கேள்வி தெருவுக்கே கேட்டுச்சு, சித்தப்பாவ விட சித்திக்கு தான் எம்மேல கோவம், சாமி குத்தம் ஆயிடும்டின்னு என் வாய பொத்தறாங்க. பாவம், அவங்களுக்கு பயம். புருஷன் கண்ணு முன்னாடி நுரை தள்ளி விழுந்தா யாருக்கு தான் பயம் வராது, டாக்டர் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு சீட்டு எழுதறார், கோடாங்கி விடிய விடிய உக்காந்து பேசறான்.

ஏர்வாடி ஞாபகம் இருக்கா யாருக்காச்சும்? 2001 ஆகஸ்ட் 6. தர்கா பக்கத்துல மனநலம் சரியில்லாதவங்கள வெச்சிருந்த ஒரு காப்பகம், ஓலைக் கொட்டகை, விடியக்காலைல தீ. சங்கிலில கட்டிப்போட்டிருந்ததால ஓட முடியல, 28 பேர் செத்தாங்க. எல்லா மதத்துக்காரங்களும் கொண்டு வந்து விட்ட ஜனம் அங்க இருந்துச்சு, யாரும் கெட்ட எண்ணத்துல விடல, கனவுல உத்தரவு வரும், குணமாயிடும்னு நம்பி விட்டாங்க. "பேசாம இருந்துட்டு போலாமே"ன்னு ராத்திரிஷிஃப்ட் அண்ணே கேக்கறீங்க. நீங்க வெள்ளிக்கிழமை புளியோதரை வாங்கறதுக்கு நான் ஏன்ணே வர்றேன், எனக்கும் ஒரு தொன்னை வாங்கிட்டு வாங்க. மாத்திரைய பரண்ல போடறப்ப தான் வருவேன்.

சேலத்துமாம்பழம்:
மதுரைக்காரி சொல்றது நியாயம். ஆனா எல்லாரும் அப்படி இடம் பாத்தா வர்றாங்க? எங்கம்மா தவறினப்ப பதினாறாம் நாள் காரியத்துல, ஐயர் பிண்டம் வெச்சு காக்காவ கூப்பிட்டுட்டு இருக்காரு, எங்கப்பா வேட்டி நனைய மொட்டை மாடில நின்னுட்டு காக்கா வருதான்னு பாக்கறாரு. பெரியப்பா மகன் ஒருத்தர் ஃபோன நோண்டிட்டே "சித்தப்பா, சித்தி காக்காவா வர்றதா இருந்தா இட்லி வெச்சிருக்கணும், அவங்களுக்கு எள்ளு சோறு பிடிக்காது"ன்னாரு. நாலு பேர் சிரிச்சாங்க. அப்பா திரும்பி கூட பாக்கல. எனக்கும் அந்த சடங்குல பெரிசா நம்பிக்கை கிடையாது, ஆனா அந்த ஆள அன்னிக்கு படில உருட்டி விடலாம் போல இருந்துச்சு. யாரோட காச காப்பாத்தினாரு அந்த ஜோக்கு சொல்லி? யாரோட உசுர காப்பாத்தினாரு? தான் புத்திசாலின்னு நாலு பேருக்கு தெரியணும், அவ்ளோதான்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு பாத்திருக்கேன். 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடிச்சாரே, ஊரே ஸ்பூனும் டம்ளருமா ஓடுச்சு. எங்க தெருவுல ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியார், யாரையும் தடுக்கல, தன் வீட்டு திண்ணைல ஆட்டுக்கல்லு குழவிய நிமித்தி வெச்சு, பசங்கள கூப்பிட்டு ஸ்பூன் முனைய அதுல ஒட்டினாப்ல புடிக்க சொன்னாரு. பால் எறங்குச்சு. குழவியும் குடிக்குதுடா, அடில விரல வெச்சு பாருன்னாரு, பால் மெல்லிசா வழிஞ்சு கீழ நனைஞ்சிருந்துச்சு. பரப்பு இழுவிசைய அன்னிக்கு தான் புரிஞ்சுக்கிட்டேன். எங்க பாட்டி அதையும் பாத்துட்டு, "வாத்தியார் வீட்டு குழவிலயும் புள்ளையார் வந்துட்டாரு"ன்னு சொல்லிட்டு போச்சு, அவரும் சேர்ந்து சிரிச்சாரு.

காவேரிக்கரை:
@சேலத்துமாம்பழம் அந்த காக்கா ஆள எங்கப்பா பாத்திருந்தா அவரே உருட்டி விட்டிருப்பாரு. பெரியார் குன்றக்குடி மடத்துக்கு போனப்ப அடிகளார் திருநீறு குடுக்க, மறுக்காம பூசிக்கிட்டாருன்னு அப்பா அடிக்கடி சொல்வாரு. மேடைல 1953ல பிள்ளையார் பொம்மைய உடைச்ச அதே மனுஷன் தான்.

தெக்குத்தெரு:
எல்லாரும் ஏமாத்துறவன், சாமியார்னே பேசறீங்க. எங்க கதை வேற. எங்க ஊர்ல தேர் வடக்குத்தெரு, மேலத்தெரு, கடைவீதி சுத்திட்டு நிலைக்கு போயிடும், எங்க தெருவுக்குள்ள வராது. சின்னப் பசங்களா இருக்கறப்ப முக்குல நின்னு பாப்போம், தேரோட மேல் பாதி மட்டும் ஓட்டு வீட்டுக்கு மேல நகந்து போறது தெரியும். ஏம்மா சாமி நம்ம வீட்டுக்கு வரலன்னு கேட்டா, தெரு குறுகல்டா திரும்பாதுன்னு எங்கம்மா சொல்லும். குறுகல் எல்லாம் இல்ல. மணல் லாரி போகும், அறுப்பு மெஷின் போகும்.

படிச்சு முடிச்சு வந்து ஒரு தடவை விழாக் கமிட்டி ஆள்கிட்ட கேட்டேன். "ஐதீகம்ப்பா, நாங்க மாத்த முடியுமா"ன்னாரு. நம்பிக்கைல கை வைக்காதன்னு நீங்க சொல்றீங்க, அந்த நம்பிக்கை எம்மேல கை வெச்சுட்டு தான ஆரம்பிக்குது? சிவகங்கை மாவட்டம் கண்டதேவில எங்க சனம் வடம் பிடிக்கற உரிமைக்கு கோர்ட் வரைக்கும் போய், வருஷக்கணக்கா தேரே ஓடாம கிடந்து, 2024ல தான மறுபடி ஓடுச்சு. நான் கடவுள் இருக்கா இல்லையான்னு ஆராய்ச்சி பண்ணி நாத்திகன் ஆகல. தேர் திரும்பாத தெருவுல பொறந்தேன், ஆயிட்டேன்.

பக்தன்தான்பாஸ்:
தெக்குத்தெரு தம்பி, தேர் விஷயத்துல உங்க பக்கம் தான் நான். ஆனா ஒண்ணு புரியல, கடவுளே இல்லன்னா கோயிலுக்குள்ள அர்ச்சகர் வேலை யாருக்கு குடுத்தா என்ன? நம்பாதவங்க எதுக்கு அதுக்கு போராடறாங்க?

தெக்குத்தெரு:
எங்கம்மா நம்புதுண்ணே. கும்பிடவே போகாதவன் கேக்கறான்னு சட்டத்த தள்ள முடியுமா? எல்லா சாதிக்காரங்களும் அர்ச்சகர் ஆகறதுக்குன்னு 1970ல சட்டம் போட்டு, கோர்ட்டு கேஸுன்னு இழுத்து, 2021 ஆகஸ்ட்ல தான் பயிற்சி முடிச்ச பல சாதி பசங்களுக்கு பணி ஆணை குடுத்தாங்க. அத டிவில காட்டினப்ப எங்கம்மா அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காந்து பாத்துச்சு. "நம்ம சனத்துல யாரும் இருக்காங்களாடா"ன்னு கேட்டுச்சு. இருக்காங்கம்மான்னேன். அப்ப ஒருநாள் அந்தக் கோயிலுக்கு கூட்டிட்டு போன்னுச்சு. வர்ற மாசம் லீவு போட்டிருக்கேன், நான் வெளிய டீக்கடைல உக்காந்திருப்பேன், அது உள்ள போயிட்டு வரட்டும்.