தலையாட்டுகிறார், ஆனால் புரியவில்லை: காது கேளாத கர்ப்பிணிக்கு எப்படிச் சொல்வது?

ஊசிக்காரம்மா:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் செக்கப்புக்கு வருகிறார். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. எதைக் கேட்டாலும் மாமியார்தான் பதில் சொல்வார். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சாப்பிடக்கூடாது என்று போன மாதம் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், சிரித்தார், தலையாட்டினார். நேற்று விசாரித்தால் தினமும் டீயில்தான் விழுங்கியிருக்கிறார். ஹீமோகுளோபின் 9. பிளஸ் டூ படித்தவர் வேறு!

தையல்காரர் மகள்:
என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது சிஸ்டர். தலையாட்டுவதை நம்பவே நம்பாதீர்கள். மறுபடி கேட்டால் சிடுசிடுப்பார்கள் என்று எங்கம்மா எல்லா டாக்டரிடமும் தலையாட்டுவார். அவர்களுக்குச் சைகைதான் தாய்மொழி, தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்தது. உங்கள் சீட்டில் மாத்திரை, டீ இரண்டும் கண்ணில் பட்டிருக்கும், கடைசியில் வந்த 'கூடாது' நழுவியிருக்கும். டீ டம்ளரை வரைந்து குறுக்கே கோடு போடுங்கள். அப்புறம் மாத்திரையைக் கையில் கொடுத்து, எப்படிச் சாப்பிடுவார் என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மாமியாரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வையுங்கள். வீட்டு ஆளையே மொழிபெயர்க்க வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கர்ப்பப்பைக்குச் சைகை தெரியாது. வயிற்றைத் தொட்டு, வெட்டுவதுபோல் காட்டினேன். அம்மா மூன்று நாள் தூங்கவில்லை.

செவிச்சோதனை:
வாயசைவும் கைகொடுக்காது. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'மருந்து', 'பருந்து' சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். வர முடியாவிட்டால் வீடியோ காலிலாவது பேசச் சொல்லலாம். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி யூடியூபில் இருக்கிறது. 2021-இல் 10,000 சொற்கள் ஆயின, மருத்துவச் சொற்களும் உண்டு. நம் பக்கத்துச் சைகை சிலது மாறும், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிக்காரம்மா:
சரி, பிரசவ அறையில்? 'முக்கு', 'நிறுத்து' என்று நாங்கள் கத்துவது மாஸ்க்குக்குள்ளிருந்துதான்.

தையல்காரர் மகள்:
முன்கூட்டியே பேசி வையுங்கள். தோளில் இரண்டு தட்டு என்றால் முக்கு, உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. ஒருவர் அவர் முகத்துக்கு நேராகவே நிற்க வேண்டும், விளக்கை அணைக்கக் கூடாது. இன்னொன்று, டிரிப்ஸ் ஊசியைப் புறங்கையில் போடாதீர்கள், முன்கையில் போடுங்கள், அதுவும் அவர் அதிகம் பயன்படுத்தாத கையில். கை கட்டுப்பட்டால் வாய் கட்டுப்பட்ட மாதிரி.

ஊசிக்காரம்மா:
இருபது வருஷமாக ஊசி போடுகிறேன், இது தோன்றவே இல்லை. வியாழக்கிழமை வருகிறார். டம்ளர் படம் இப்போதே வரைந்துவிட்டேன், பார்க்க வாளி மாதிரிதான் இருக்கிறது.