புதுப்பிப்பு: அக்காவுக்கு இரத்த உறைவு இல்லை

பிரசவமாகி மூன்று வாரமான அக்காவுக்கு விடாத தலைவலி, எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் இடப்பக்கப் பெருஞ்சிரை தெரியவில்லை, இரத்தம் உறைந்திருக்கலாம் என்கிறார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். ரிப்போர்ட்டில் 'இருக்கலாம்' என்றுதான் இருந்தது. 'இருக்கிறது' என்று படித்துப் பதறியவன் நான்.

அந்தப் படம் சாயம் ஏற்றாமல் எடுத்தது. ஓடும் இரத்தம்தான் அதில் வெளிச்சமாகத் தெரியுமாம். அடைத்த சிரையும் தெரியாது. பிறவியிலேயே ஒல்லியாக இருந்து இரத்தம் மெதுவாக ஓடும் சிரையும் தெரியாது. பலருக்கு வலப்பக்கம்தான் பெரிது, இடப்பக்கம் ஒல்லி.

செவ்வாய்க்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் பினாங்குத் தீவுக்குப் போய், சாயம் ஏற்றி சி.டி. வெனோகிராம், அதாவது சிரைகளைக் காட்டும் ஸ்கேன், எடுத்தோம். இடப்பக்கச் சிரை நூல் மாதிரிதான், ஆனால் விட்டுப்போகாமல் முழு நீளத்துக்கும் சாயம் நிரம்பியிருந்தது. டாக்டர் எலும்பையும் காட்டினார்: சிரை படிந்திருக்கும் மண்டையோட்டுப் பள்ளமும், அது கழுத்துக்கு இறங்கும் துளையும் இடப்பக்கம் சின்னது. போன மாதம் வந்த உறைவு எலும்பைச் சின்னதாக்குமா என்ன?

வலப்பக்கச் சிரையில் சாயம் நிரம்பாமல் உருண்டையாக ஒரு சின்ன இடைவெளியும் இருந்தது. அது மூளைத் தண்டுவட நீரை வடிக்கும் இயல்பான புடைப்பாம். அதுவும் பார்க்க உறைவு போலவே இருக்கிறது!

தாய்ப்பால் பற்றிக் கேட்டவர்களுக்கு: இந்தச் சாயத்துக்காக நிறுத்த வேண்டாம் என்றார்கள். அம்மாதான் கேட்காமல் ஒருநாள் பால்மாவு கரைத்தார்.

இரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் திரும்பப் போகணும்.