புதுப்பிப்பு: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் சொந்த ஒப்பரேட்டர் (ஒப்பிடும் குறி), இப்போது இன்டெக்ஸோடு

போன கிழமை கேட்டிருந்தேன்: அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் கொள்வனவுப் பதிவேட்டில் ஒரே விவசாயி "மு. கந்தசாமி" என்றும் "மு.கந்தசாமி" என்றும் கிடக்கிறார், புள்ளியையும் இடைவெளியையும் கணக்கில் எடுக்காமல் ஒப்பிட =~= என்று ஒரு குறி உருவாக்கினால் தேடல் ஊர்கிறதே, என்ன செய்யலாம் என்று. சரி, தீர்ந்துவிட்டது.

பெயரைச் சுத்தமாக்கும் ஃபங்ஷனை இம்மியூட்டபிள் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது) என்று அறிவித்து, அதன் மேலேயே இன்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் அட்டவணை, போட்டேன். அப்புறம், குறிக்குப் பின்னால் நிற்கும் ஃபங்ஷனை பிஎல்பிஜிஎஸ்கியூஎல்லில் (போஸ்ட்கிரஸின் உள்ளே ஃபங்ஷன் எழுதும் மொழி) இருந்து வெறும் எஸ்கியூஎல்லுக்கு மாற்றி, இரண்டு பக்கத்தையும் சுத்தமாக்கிச் சமமா என்று பார்க்கும் ஒரே வரியாக்கினேன். அப்படி எழுதினால்தான் பிளானர் (தேடலை எப்படி நடத்துவது என்று தீர்மானிக்கும் பகுதி) அதை விரித்து உள்ளே இருப்பதைப் பார்க்கும், இன்டெக்ஸையும் பிடிக்கும். பிஎல்பிஜிஎஸ்கியூஎல் என்றால் அதற்கு மூடிய பெட்டிதான். பிளானரின் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், ஒப்பரேட்டரின் பெயரே அங்கே இருக்காது, இதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

செய்யப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: நாம் உருவாக்கும் குறிக்கு, எழுத்துகளை ஒட்டும் || குறியின் அதே முன்னுரிமைதான், இடமிருந்து வலமாகப் போகும். ஆகவே வலப்பக்கத்தில் முதலெழுத்தையும் பெயரையும் ஒட்டி ஒப்பிடுவதென்றால் அடைப்புக்குறி போடாமல் விடாதீர்கள், இல்லாவிட்டால் ஒட்டுவதற்கு முன்பே ஒப்பிடப் போய்விடும்.