வளவில் ஒழுகல்: மங்களூர் ஓட்டை எடுத்துவிட்டு சிலேட்டுக் கல் போடலாமா?

பள்ளத்தூர்ப் பேரன்:
ஐயா காலத்து வீடு. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஓட்டுக்கூரை. போன ஐப்பசி மழையில் ஈசானிய மூலையில் அண்டா வைத்துத்தான் தூங்கினோம். சரி, ஓடு பிரித்து மேய்ந்துவிடலாம் என்று முடிவு செய்த நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகன், “எப்படியும் பிரிக்கிறோம், சிலேட் போட்டால் நூறு வருஷத்துக்குத் தொட வேண்டாம்” என்கிறான். பங்காளிகள் ஆறு பேர் பணம் போடுகிற காரியம், அதனால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கழற்றிய ஓடு ஒன்றில் பாசல் மிஷன், 1865 என்று பதித்திருக்கிறது. 160 வருஷ ஓடு என்றால் ஆயுள் முடிந்துவிட்டதா?

கூரை வேலைக்காரன்:
தம்பி, 1865 அந்தக் கம்பெனி மங்களூரில் ஓட்டுச்சூளை தொடங்கிய வருஷம். பிறகு சுட்ட ஓட்டிலும் அதையே பதித்தார்கள். ஓட்டைக் கையில் தூக்கிச் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் உயிர் இருக்கிறது, பொத்தென்றால் விரிசல். சிலேட்டுக்கும் இதே சோதனைதான்.

அப்புறம், கடையில் சிலேட் என்று எதைக் காட்டினார்கள்? தார் பூசிய ஷிங்கிள்ஸ் அட்டையைக் காட்டிச் சிலேட் என்பவர்கள் உண்டு. அது நூறு வருஷச் சரக்கு இல்லை. அசல் சிலேட் என்பது ஏடு ஏடாகப் பிளக்கும் பாறை. நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய பலகை மாதிரி. ஆந்திராவில் மார்க்காபுரம் பக்கம் வெட்டுகிறார்கள், இமாச்சலில் தர்மசாலா பக்கம் வீட்டுக்கூரையே அதுதான்.

எடையைப் பற்றிப் பயம் வேண்டாம், ஆனால் தடிமனைக் கேட்டு வாங்குங்கள். மங்களூர் ஓடு ஒரு சதுரத்துக்கு (100 சதுர அடி) சுமார் 350 கிலோ வரும். 5 மில்லிமீட்டர் சிலேட் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதையும் சேர்த்து 300 கிலோவுக்குள் அடங்கும். அதே கல் 10 மில்லிமீட்டர் என்றால் 550க்கு மேல் போய்விடும், பழைய கைமரம் தாங்குமா என்று ஆசாரி பார்த்தாக வேண்டும். சாய்வு 25 பாகைக்குக் குறைந்தால் சிலேட்டே வேண்டாம். மங்களூர் ஓட்டுக்கு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வரிப்பள்ளம் உண்டு. சிலேட் வெறும் தட்டை, சாரல் அடியில் ஏறிவிடும்.

தேவகோட்டைப் பெண், இப்போது வேல்ஸில்:
நான் குடியிருக்கும் தெரு முழுக்கச் சிலேட் கூரைதான். இந்தப் பக்கத்துச் சிலேட் சுரங்க நிலத்தை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. கல் நூறு வருஷம் தாண்டும், உண்மை. பாசி அவ்வளவாகப் பிடிக்காது, தண்ணீர் குடிக்காது, தீப்பிடிக்காது.

ஆனால் எங்கள் வீட்டில் போன வருஷம் கல் வரிசையாகச் சறுக்கி விழுந்தது. கல்லில் ஒரு கீறல் இல்லை. அடித்திருந்த இரும்பு ஆணி துருப்பிடித்துத் தலை உதிர்ந்திருந்தது. செம்பு ஆணி அல்லது எவர்சில்வர் ஆணி போடாவிட்டால் நூறு வருஷக் கணக்கெல்லாம் வீண். ஒரு கல் மாற்றுவதற்கும் தெரிந்த ஆள் வேண்டும்: கல்லுக்கடியில் நீளக் கொக்கியை விட்டு ஆணியை அறுத்து, புதுக்கல்லைச் செம்புப் பட்டையில் தொங்கவிடுவார். அந்த ஆளைப் பள்ளத்தூரில் எங்கே தேடுவீர்கள்?

கானாடுகாத்தான் ஆச்சி:
அப்பச்சி சொல்வார்கள், ஓட்டு வீட்டில் ஓடு மூச்சுவிடும் என்று. இடுக்கு வழியாகச் சூடு வெளியேறும், மழையில் நனைந்த மண் ஓடு காயும்போது வீடு குளிரும். கறுத்த கல்லைப் பலகைமேல் நெருக்கி அடித்தால் சித்திரையில் உள்ளே யார் உட்காருவது? எங்கள் தெருவில் குரங்கும் மயிலும் வேறு. ஓடு உடைந்தால் நானே ஏணி வைத்துச் செருகிவிடுவேன். செப்புப் பட்டைக்கு நான் எங்கே போக?

கூரை வேலைக்காரன்:
ஆச்சி சொல்வது சரி. தம்பி, ஒழுகுவது மூலையில் மட்டும் என்றால் எனக்கு ஓட்டின் மேலேயே சந்தேகம் இல்லை. இரண்டு கூரை சேரும் கூடுவாயில்தான் வளவுத் தண்ணீர் மொத்தமும் இறங்கும். ஓட்டில் படாமல் கூடுவாயில் மட்டும் ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள், கீழிருந்து மேலாக.

பள்ளத்தூர்ப் பேரன்:
ஊற்றினோம் அண்ணே. மூன்றாவது குடத்தில் அதே இடத்தில் சொட்டியது. வேப்பஞ்சருகு அடைத்துக் கூடுவாய்த் தகரம் துருவேறி, கட்டைவிரல் போகிற ஓட்டை. அடியில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர்க் கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ரஸ்க் மாதிரி உதிர்கிறது. கழற்றி அடுக்கிய நாற்பது ஓட்டில் முப்பத்தாறு கணீர்.

தகரமும் ரீப்பரும் மாற்றப் பங்காளிகள் சம்மதித்துவிட்டார்கள், சிங்கப்பூர்க்காரன் மட்டும் இன்னும் படம் அனுப்புகிறான். இப்போது ஒரே சிக்கல்: கடையில் வாங்கிய புது ஓடு நாலும் பழைய ஓட்டோடு பூட்டவில்லை, அரை விரல் தூக்கி நிற்கிறது.

கூரை வேலைக்காரன்:
சூளைக்குச் சூளை அச்சு மாறும். கலந்து போடாதீர்கள். ஊரில் இடிக்கிற வீட்டில் அதே முத்திரை ஓடு கேளுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி:
பாசல் மிஷன்தானே? எங்கள் இரண்டாங்கட்டில் அடுக்கிக் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ தம்பி, வரும்போது வண்டியில் வைக்கோல் போட்டுக்கொண்டு வா.