தாய்வீடு வந்தால் சத்துமாவு நின்றுவிடுமா?

அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

என் தங்கைக்கு எட்டாம் மாதம். போன வாரம் வளைகாப்பு முடித்து அழைத்து வந்தோம். ஹீமோகுளோபின் 9.2தான்; கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைக் கண்டாலே முகம் சுளிப்பவள், அங்கன்வாடியில் தரும் சத்துமாவை மட்டும் வெந்நீர் தெளித்து உருண்டை பிடித்து மிச்சமில்லாமல் சாப்பிடுகிறாள். கொண்டுவந்த பாக்கெட்டில் இன்னும் இரண்டு கைப்பிடிதான் இருக்கிறது.

எங்கள் ஊர் மையத்தில் கேட்டோம். 'போஷன் டிராக்கர்' செயலியில் அவள் பெயர் புகுந்த ஊரில் இருக்கிறதாம், இங்கே தர முடியாதாம். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்த்த பிறகே பாக்கெட்டைக் கொடுக்க வேண்டிய நிலை அவருக்கு. அதற்கான OTP போவதோ, பதிவு செய்திருக்கும் மாப்பிள்ளையின் கைப்பேசிக்கு. லாரி ஓட்டுகிறவர், கூப்பிட்டால் பாதி நேரம் கிடைக்க மாட்டார்.

அங்கன்வாடித் திட்டம் 1975இல் வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது அதற்கும் முந்தைய வழக்கம் அல்லவா!

பெயரை இங்கே மாற்ற எந்த ஊர்ப் பணியாளரிடம் சொல்ல வேண்டும்? பிக்மி எண்ணும் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது அரசு தந்த எண்) ஆதாரும் போதுமா? குழந்தையோடு திரும்பும்போது மறுபடியும் மாற்ற முடியுமா? இப்படி மாற்றியவர்கள் இருந்தால், எத்தனை நாள் ஆனது என்றும் சொல்லுங்கள்.