ரெகே, ஜாஸ், ராக், வேர்ல்ட் மியூசிக்... முழு ஆல்பமா கேக்க எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

தனிமரம்:
வணக்கம் மக்களே. சின்ன வயசுலேர்ந்து ராஜா சார் பாட்டு தான் கேட்டு வளந்தேன், அதுலயும் பாடுறவங்களை விட கீழ ஓடுற பேஸ் கிட்டார் மேல தான் எனக்கு காது போகும். கொஞ்ச நாளா வெளிநாட்டு மியூசிக் கேக்குறேன். ஆனா ஆப்ல ஒரு ரெகே பாட்டு போட்டா அடுத்து அதே மாதிரியே வரிசையா வருது, எல்லாம் ஹிட் பாட்டு, மறுநாள் போட்டாலும் அதே தான் சுத்தி சுத்தி வருது. "கேட்டே ஆகவேண்டிய 100 ஆல்பம்"னு இருக்குற லிஸ்ட்டெல்லாம் பாத்தா ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்கெல்லாம் புது ஆல்பத்தை எப்படி கண்டுபிடிக்கிறீங்க? ரெகே, ராக், ஜாஸ், வேர்ல்ட் மியூசிக், எதுவா இருந்தாலும் சரி, முழுசா உக்காந்து கேக்குற மாதிரி சொல்லுங்க.

கடம்_ரசிகன்:
லிஸ்ட்டை விடுங்க ப்ரோ. ஒரு ஆல்பம் புடிச்சா அதுல யார் யார் வாசிச்சிருக்காங்கன்னு பாருங்க, அதுல ஒருத்தரை புடிச்சுக்கிட்டு அடுத்த ஆல்பத்துக்கு போங்க, அவ்ளோ தான், நான் இத்தனை வருஷமா இதை மட்டும் தான் பண்றேன்.

உங்களுக்கு ஆரம்பம் ஷக்திங்கிற குழு தான். 1976ல வந்த முதல் ஆல்பம், மேடையில வாசிச்சதை அப்படியே பதிவு பண்ணது. கிட்டார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் நம்ம விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். முதல் பாட்டு ஜாய், 18 நிமிஷம், கிட்டாரும் வயலினும் மூச்சு விடாம துரத்திக்கிட்டு ஓடும். இங்கேர்ந்து ரெண்டு வழி பிரியுது. விக்கு சாரை புடிச்சா டிரம்மர் மிக்கி ஹார்ட்டோட பிளானட் டிரம் (1991), நைஜீரியா பிரேசில் போர்ட்டோ ரிக்கோன்னு எல்லா ஊர் தாளக்காரங்களும் ஒரே ரூம்ல, வேர்ல்ட் மியூசிக்குனு கிராமியில தனியா விருது வச்சப்போ முதல்ல அதை வாங்குன ஆல்பமே இது தான். மெக்லாஃப்லினை புடிச்சா ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட இன் எ சைலன்ட் வே (1969). அப்புறம் 1973ல மெக்லாஃப்லினும் சந்தானாவும் சேந்து லவ் டிவோஷன் சரண்டர்னு ஒண்ணு போட்டாங்க, அதோட முதல் பாட்டே சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோட எ லவ் சுப்ரீம். இப்போ ஒரிஜினலுக்கு போங்க. 1964 டிசம்பர்ல பதிவு பண்ணது, நாலு பேர் தான், ஜிம்மி கேரிசன் பேஸ்ல நாலே நாலு ஸ்வரத்தை திரும்ப திரும்ப வாசிப்பார், முதல் பகுதி முடியுறப்போ கோல்ட்ரேன் அதையே வாயால மந்திரம் மாதிரி சொல்லுவார். பேஸ் புடிக்கும்ங்கிறீங்க, இதை கேக்காம இருக்கக்கூடாது.

அங்கேர்ந்து அவரோட மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன், ஜர்னி இன் சச்சிதானந்தா (1971). தம்புரா சுருதி, அதுக்கு மேல ஹார்ப், அடியில செசில் மெக்பீயோட பேஸ் ஒரே வரியை விடாம புடிச்சுக்கிட்டு நடக்குது. அந்த சச்சிதானந்தா யாருன்னா கோயமுத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல பொறந்த சாமியார், 1969 வுட்ஸ்டாக் விழா தொடக்கத்துல பேசுனவர். ஷக்தியில ஆரம்பிச்சு கோயமுத்தூர் வரைக்கும் வந்தாச்சு பாருங்க, எந்த ஆப்பும் இப்படி கூட்டிட்டு வராது.

கிங்ஸ்டன்_வாசி:
மேல சொன்ன வழி நல்ல வழி தான், ஆனா ரெகேக்கு நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லுவேன். ஒரே ஆல்பத்தோட ரெண்டு வடிவத்தை பக்கத்துல பக்கத்துல வச்சு கேளுங்க.

பாப் மார்லியோட கேட்ச் எ ஃபயர் (1973) இருக்குல்ல, அதை அவரோட குழு வெய்லர்ஸ் ஜமைக்காவுல பதிவு பண்ணி டேப்பை லண்டனுக்கு கொண்டு போனாங்க. அங்க ஐலண்ட் கம்பெனி முதலாளி கிறிஸ் பிளாக்வெல் ராக் கேக்குறவங்களுக்கும் போய் சேரணும்னு அலபாமாக்காரர் வெய்ன் பெர்கின்ஸை வச்சு கிட்டார் சேத்தார், ராபிட் பண்ட்ரிக்கை வச்சு கீபோர்டு சேத்தார். காங்கிரீட் ஜங்கிள்ல வர்ற அந்த அழுவுற கிட்டார் சோலோ ஜமைக்காவுல வாசிச்சதே இல்ல. 2001ல தான் அந்த லண்டன் பூச்சு இல்லாத ஜமைக்கா மிக்ஸ் வெளிய வந்துச்சு. ரெண்டையும் கேட்டா பேஸ் எங்க இருக்கு, டிரம்ஸ் எங்க விழுதுன்னு காது தானா கத்துக்கும். எனக்கு ஜமைக்கா மிக்ஸ் தான் உசுரு, ஃபேமிலி மேன் பேரட் பேஸ் அதுல தான் முழுசா தெரியும். அவர் தம்பி கார்ல்டன் தான் டிரம்ஸ். ஒன் டிராப்னு சொல்றது இவர் அடி தான், முதல் அடியை காலியா விட்டுட்டு மூணாவதுல மொத்த பாரத்தையும் இறக்குவார்.

அடுத்தது பர்னிங் ஸ்பியரோட மார்கஸ் கார்வி (1975), கேட்டு முடிச்ச கையோட அதோட டப் வடிவம் கார்விஸ் கோஸ்ட் (1976). அதே பாட்டு தான், குரல் பெரும்பாலும் போயிடும், பேஸும் எக்கோவும் தான் மிச்சம். புடிச்சிருந்தா அகஸ்டஸ் பாப்லோவும் கிங் டபியும் சேந்து பண்ண ஆல்பம் (1976) இருக்கு, தேடுங்க. டபி ரேடியோ ஆம்ப்ளிஃபயர்லாம் ரிப்பேர் பண்ணவர், மிக்ஸிங் போர்டையே ஒரு வாத்தியமா வாசிச்சார்.

ஒரு விஷயம், தயவு செஞ்சு போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க. பேஸே வராது, அப்புறம் ரெகே எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு வந்து சொல்லுவீங்க.

நைஜர்_நதி:
வேர்ல்ட் மியூசிக்ங்கிறதை ஒரு வகையா நினைச்சு தேடுனா ஒண்ணும் கிடைக்காது தம்பி. 1987ல லண்டன்ல சின்ன சின்ன ரிக்கார்டு கம்பெனிக்காரங்க ஒரு பப்புல உக்காந்து, கடையில எந்த தட்டுல வைக்கிறதுன்னு தெரியாம கிடந்த ரிக்கார்டுக்கெல்லாம் சேத்து வச்ச பேர் தான் அது. மாலியும் கியூபாவும் ஒரே தட்டுல இருக்குறதுக்கு வேற காரணமே கிடையாது. அதனால ஊரை புடிங்க, இல்ல யார் புரொட்யூஸ் பண்ணாங்கன்னு பாத்து அவரை புடிங்க.

நான் நிக் கோல்டுன்னு ஒருத்தரை புடிச்சேன், லண்டன்ல வேர்ல்ட் சர்க்கியூட் கம்பெனி நடத்துனவர். 1996ல மாலி வாத்தியக்காரங்களையும் கியூபாக்காரங்களையும் ஹவானாவுல சேத்து வாசிக்க வைக்கலாம்னு திட்டம், ஆனா மாலிக்காரங்களால வந்து சேர முடியல. ஸ்டூடியோ போட்டாச்சு, அமெரிக்க கிட்டார்காரர் ரை கூடரும் வந்தாச்சு, சரின்னு ஊர்ல இருந்த பெரியவங்களை தேடி புடிச்சு பதிவு பண்ணாங்க, அது தான் ப்யூனா விஸ்டா சோஷியல் கிளப். அதே நாட்கள்ல அதே ஸ்டூடியோவுல ரூபென் கொன்சாலஸ் பியானோ ஆல்பமும் வந்துச்சு, அவருக்கு அப்போ 76 வயசு இருக்கும், சொந்தமா பியானோ கூட இல்ல. எனக்கு ப்யூனா விஸ்டாவை விட அது தான் மேல. விட்டுப்போன மாலி கியூபா திட்டம் 2010ல ஆஃப்ரோகியூபிஸம்னு வந்துச்சு, ரெண்டையும் சேத்து கேளுங்க.

மாலிக்குள்ள போகணும்னா அலி ஃபர்கா டூரேயும் டூமனி டியாபடேயும் வாசிச்ச இன் த ஹார்ட் ஆஃப் த மூன் (2005). பமாகோவுல நைஜர் ஆத்தங்கரையில ஒரு ஹோட்டல்ல வச்சு பதிவு பண்ணது, ஒரு கிட்டார், 21 கம்பி கோரா, பெருசா வேற ஒண்ணும் கிடையாது. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் போடுங்க.

மூணாவது_வரிசை:
எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க, ஆனா தனிமரம், இதையெல்லாம் ஒரே வாரத்துல முடிக்க பாக்காதீங்க. ஜாஸ் ஆல்பம் ஒண்ணை எடுத்தா வேற எதையும் தொடாம அதுலயே கிடக்கணும். மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ (1959) எடுத்துக்கோங்க. முதல் பாட்டு ஸோ வாட்ல பேஸ் தான் மெட்டை வாசிக்கும், மத்தவங்க ரெண்டே ஸ்வரத்துல பதில் சொல்லுவாங்க. ஸ்கேல் நம்ம கரஹரப்ரியா தான், 16 பார் (ஒரு பார்னா நாலு எண்ணிக்கை) அதுல, அடுத்த 8 பார் அப்படியே அரை ஸ்வரம் மேல, திரும்ப 8 பார் பழைய இடம். முதல்ல அந்த மேல ஏறுற இடத்தை மட்டும் புடிங்க. அடுத்த தடவை மைல்ஸ் எவ்ளோ இடம் விட்டு ஊதுறார்னு பாருங்க, அப்புறம் கோல்ட்ரேன் அந்த இடத்தையெல்லாம் எப்படி ரொப்புறார்னு பாருங்க. ராகம் மாதிரி கமகம் எதிர்பாத்தா ஏமாந்து போவீங்க, அது வேற இது வேற.

தனிமரம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஷக்தி கேட்டுக்கிட்டு இருக்கேன், கடம் வர்ற இடமெல்லாம் புல்லரிக்குது. ராக் பத்தி மட்டும் யாருமே சொல்லலையே?

கிங்ஸ்டன்_வாசி:
ராக்குக்கும் அதே பேஸ் வழியிலயே வாங்க. த கிளாஷோட லண்டன் காலிங் (1979), அதுல கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன் எழுதி பாடுனது பேஸ் வாசிக்கிற பால் சிமனன், பிரிக்ஸ்டன்ல ரெகே கேட்டு வளந்தவர், அந்த பேஸ் லைன் அப்படியே ஜமைக்கா. அடுத்து டாக்கிங் ஹெட்ஸோட ரிமெய்ன் இன் லைட் (1980), அவங்களும் புரொட்யூசர் பிரையன் ஈனோவும் நைஜீரியாவோட ஃபேலா குட்டி கேட்டு கேட்டு பண்ணது, பல பாட்டு ஒரே கார்டுலயே (chord) நிக்கும், தாளம் மட்டும் மேல மேல அடுக்கிக்கிட்டே போகும். அது புடிச்சா நேரா ஃபேலாவோட ஸோம்பி. டிரம்ஸ்ல டோனி ஆலன் என்ன பண்றார்னு கேட்டுட்டு தனியா ஒரு த்ரெட் போடுங்க, அவரை பத்தி பேச நிறைய இருக்கு.