புதுப்பிப்பு: பிளாஸ்டிக் டப்பா கூண்டில் இரண்டு திருத்தங்கள்

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக்குச் சேமிப்பு டப்பாவில் கூண்டு செய்வது பற்றி முன்பு எழுதியதில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும்.

மூடியில் மட்டும் துளை போடச் சொன்னது தப்பு. ஈரக்காற்று உள்ளேயே தங்கி, காலையில் சுவரெல்லாம் முத்து முத்தாக வேர்த்து நிற்கும். எதிரெதிர்ச் சுவர்களில் பத்துப் பன்னிரண்டு துளைகள், 5 மி.மீ. அகலத்தில், ஒரு பக்கம் தாழ்வாகவும் மறுபக்கம் உயரமாகவும் போடுங்கள். சால்டரிங் அயர்னை (ஈயப் பற்றவைப்புக்கான சூட்டுக்கோல்) உள்ளிருந்து வெளியே குத்தினால் உருகிய பிசிறு வெளிப்பக்கம் போய்விடும், பல்லியின் தோலைக் கீறாது. (புகை நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.) கண்ணாடி மாதிரி தெளிவான, விறைப்பான டப்பா டிரில் பட்டால் விரிசல் விடும். சற்றே மங்கலான பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்தான் தோது.

அடுத்தது சூடு. ஹீட் மேட் (சூடு தரும் மின்விரிப்பு) டப்பாவுக்கு வெளியே, அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு இருக்கட்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் கூடவே கூடாது. அதன் சென்சாரை உள்ளே விட்டால் பல்லி நகர்த்திவிடும். குளிர்ந்த மூலைக்கு அது போனால் மேட் அணையாமல் சூடேறிக்கொண்டே இருக்கும். சென்சாரை மேட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒட்டுங்கள். உள்தரை எப்போதும் சில டிகிரி குறைவாகத்தான் காட்டும். அதனால் தனி வெப்பமானியால் உள்ளே அளந்து, 32 டிகிரி செல்சியஸ் நிற்கும்வரை செட்டிங்கை ஏற்றி இறக்குங்கள்.